இரு கோடுகள் சந்தித்த கதை

பெர்லின் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 3,700 ஆண்டு பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தானியக் கணக்கு. வயல்கள் இரண்டு, மொத்தப் பரப்பு 1,800 சார். முதல் வயலில் சாருக்கு 2/3 சிலா தானியம், அடுத்ததில் 1/2 சிலா. முதல் வயலின் தானியம் 500 சிலா அதிகம். ஒவ்வொரு வயலும் எவ்வளவு?

அன்று x, y கிடையாது. கணக்கர் வயலுக்குப் பாதியாக 900, 900 என்று வைத்துக்கொள்கிறார். தானியம் 600, 450, வித்தியாசம் 150தான். இன்னும் 350 வேண்டும். ஒரு சாரை இரண்டாம் வயலிலிருந்து முதல் வயலுக்கு மாற்றினால் வித்தியாசம் 7/6 கூடும். 350ஐ 7/6ஆல் வகுத்தால் 300. ஆக, வயல்கள் 1,200, 600.

அடுத்த பெரிய பாய்ச்சல் சீனாவில். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலின் எட்டாம் அத்தியாயம் மூன்று தரக் கதிர்க்கட்டுகளோடு தொடங்குகிறது. மூன்று தெரியாத அளவுகள், மூன்று நிபந்தனைகள். எண்ணும் குச்சிகளைப் பத்திகளாக அடுக்கி, ஒரு பத்தியைப் பெருக்கி மற்றதைக் கழித்து, மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்பு என்று 263இல் உரை எழுதினார் லியூ ஹுய். நம் பிள்ளைகள் படிக்கும் நீக்கல் முறை இதுவே. பல்லாஸ் சிறுகோளின் பாதையைக் கணிக்க 1810இல் கணிதவியலாளர் காஸ் கையாண்டதும் இதே வழிதான். பின்னாளில் முறைக்கு அவர் பெயரே நிலைத்தது.

வரைபடம் வெகு தாமதமாக வந்தது. 1630களில் ஃபெர்மா, டெகார்ட் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் சமன்பாட்டை வடிவமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரு மாறிகள் உள்ள ஒருபடிச் சமன்பாடு நேர்கோடு என்று காட்டியவர் ஃபெர்மா.

இப்போது பாபிலோனியக் கணக்கை வரைதாளில் போடுங்கள். முதல் வயலின் பரப்பு x, இரண்டாவதன் பரப்பு y. x + y = 1,800 ஒரு கோடு; (2/3)x − (1/2)y = 500 என்பதை 6ஆல் பெருக்கினால் வரும் 4x − 3y = 3,000 இன்னொன்று. அந்தக் கணக்கர் தொடங்கிய (900, 900) முதல் கோட்டின்மேல் இருக்கிறது. அங்கிருந்து அவர் அதே கோட்டிலேயே நகர்ந்து, இரு கோடுகளும் வெட்டும் (1,200, 600) புள்ளியை அடைந்திருக்கிறார்!

ஆனால் விடை 7/3 போன்ற பின்னமாக இருந்தால் வரைதாளில் துல்லியமாக வாசிக்க முடியாது. அதற்கு இயற்கணிதம் வேண்டும். மறுபுறம், இணைகோடுகளுக்குத் தீர்வு ஏன் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் கோடுகளுக்கு ஏன் எண்ணற்ற தீர்வுகள் என்பதை வரைபடமே கண்முன் காட்டும். ஆசிரியர்களே, இயற்கணிதம், வரைபடம் இரண்டையும் தனித்தனிப் பயிற்சியாக முடித்துவிடாதீர்கள். ஒரே கணக்கை இரு வழியிலும் செய்யச் சொல்லுங்கள்.