பேரூராட்சி

பெருமை + ஊர் = பேரூர். 'மை' ஈறு கெட்டு முதலெழுத்து நீண்டது. ஆள் என்னும் வினையோடு 'சி' சேர்ந்து ஆட்சி என்ற தொழிற்பெயர் ஆனது. விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரம் போல, சிற்றூருக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட ஊரின் உள்ளாட்சி அமைப்பை இச்சொல் குறிக்கிறது. இதன் உயிர் 'ஊர்' என்ற நடுப்பகுதியில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்பது இடத்தை மட்டும் குறிக்கவில்லை. நிலமுடையோர் கூடி முடிவெடுத்த அவைக்கும் அதுவே பெயர். பிராமணக் குடியிருப்பின் அவை சபை, வணிகர் அவை நகரம். ஆகவே ஊர் ஆள்வது என்ற கருத்து தமிழுக்குப் புதிதன்று.

பேரூராட்சி அண்மையில் புனைந்த அலுவலகச் சொல்தானே, செயல் அலுவலரை அரசுதானே அமர்த்துகிறது, இதில் ஆட்சி எங்கே என்று கேட்கலாம். புனைவு புதிதுதான், அதன் உறுப்புகள் பழையவை. அலுவலர் செயல்படுத்துபவர், வார்டுதோறும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும், அவர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கும் தலைவரும் சேர்ந்த மன்றமே தீர்மானம் நிறைவேற்றுகிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தமும் பேரூராட்சிகளைத் தன்னாட்சி நிறுவனங்களாகவே கருதுகிறது. பழைய ஊரவையில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பது வலுவான மறுப்பு. அதற்கு விடை இன்றைய சட்டத்தில் உள்ளது: தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு. ஊர் என்ற சொல் இப்போதுதான் ஊரார் அனைவரையும் குறிக்கத் தொடங்கியிருக்கிறது. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேற்கும் உறுப்பினரை இச்சொல்லின் முழுப் பொருளோடு மதிப்பதும், கணக்குக் கேட்பதும் நம் கடமை.