தேர் வெள்ளோட்டமும் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கும்

திருவண்ணாமலை கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேரோட்டம். பழுதுபார்த்த தேரை அன்றைக்கு நேராக வடம் பிடித்து இழுத்துவிட மாட்டார்கள். 2024 நவம்பரில் சீரமைத்து முடித்த பெரிய தேருக்கும் முதலில் வெள்ளோட்டம்தான் நடந்தது. மாற்றிய பாகம் சிறியதாகவே இருக்கட்டும், முன்பு ஓடியது போல இன்னும் ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டுமே!

சாஃப்ட்வேரில் இதற்குப் பெயர் ரிக்ரஷன் டெஸ்டிங். ஒரு பிழையைத் திருத்தப் போய், ஒழுங்காக இருந்த வேறொன்று கெட்டுவிடலாம். அதனால் பழைய டெஸ்டுகளை எல்லாம் திரும்பவும் ஓட்டிப் பார்ப்பார்கள். தேருக்கு ஒரு சுற்று போதும். சாஃப்ட்வேருக்கு?

கிரெக் ராதர்மெல், மேரி ஜீன் ஹேரல்ட் உள்ளிட்ட நால்வர் எழுதிய ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு நிறுவனத்தின் சுமார் 20,000 வரி புரோகிராமுக்கு மொத்த டெஸ்டுகளையும் ஓட்டி முடிக்க ஏழு வாரம்! மூன்றாம் வாரமே ரிலீஸ் என்றால், பிழையைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் ஆறாம் வார வரிசையில் நின்று என்ன பயன்?

அதற்கு முந்தைய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் எந்த டெஸ்டை விட்டுவிடலாம் என்றே தேடின. விட்டதில்தான் பிழை இருந்தால் போச்சு. 1999-ல் இந்த நால்வரும் எதையும் விடாமல் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். புரோகிராமின் அதிக வரிகளைத் தொடும் டெஸ்ட் முதலில். இன்னொரு முறையில், ஏற்கெனவே தொட்ட வரிகளைக் கணக்கில் சேர்க்காமல், புதிய வரிகளை அதிகம் தொடும் டெஸ்ட் அடுத்து. இருப்பதிலேயே செலவு குறைந்த முறைகூடப் பிழைகளைச் சீக்கிரம் பிடிக்க உதவியது என்பதுதான் அந்த ஆய்வில் சுவாரஸ்யம். நேரம் எந்த இடத்தில் தீர்ந்தாலும் அதுவரை ஓட்டியது வீணாகாது.

2002-ல் மைக்ரோசாஃப்டின் அமிதாப் ஸ்ரீவாஸ்தவா, ஜெய் தியாகராஜன் இருவரும் எஷலான் என்ற கருவியைப் பற்றி எழுதினார்கள். அது மூல நிரலைக் கேட்கவில்லை. பழைய பைனரியையும் புதிய பைனரியையும் ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை அதிகம் தொடும் டெஸ்டுகளை முன்னால் தள்ளியது. புதுச் சக்கரம் போட்ட தேரில் முதலில் சக்கரத்தைப் பார்ப்பது மாதிரி.

கூகுளிலோ நிரல் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த டெஸ்ட் எந்த வரியைத் தொடுகிறது என்று கணக்கெடுப்பதற்குள் அந்தக் கணக்கே பழசாகிவிடும். அதனால் ராதர்மெல் குழுவினர் 2014-ல் அங்கே வேறு வழிக்குப் போனார்கள். அண்மையில் தோற்றவை, வெகுநாளாக ஓட்டாதவை, புதிதாகச் சேர்ந்தவை... இந்த மூன்று வகை டெஸ்டுகளுக்கும் வரிசையில் முன்னிடம்.