நொக்ஸ் கண்ட மலைநாடு

1660ஆம் ஆண்டிலே, புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று நமது கொட்டியாரக் குடாவை அடைந்தது. அதில் வந்த இளைஞன் றொபேட் நொக்ஸ், இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுக் கண்டி மலைநாட்டிலே பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தான்.

அந்நாட்டுக்கு மலையே மதில். ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுங்கிய வழிகளில் முட்கதவம் இட்டுக் காவலர் வருவோர் போவோரை வினாவினர். குடிகளோ மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, மேல்வயல் நீரைக் கீழ்வயலுக்கு இறக்கி நெல் விளைத்தனர்.

சிறைப்பட்டவன் அரசனைப் பழித்தல் இயல்பு. அப்பகுதியை ஐயுற்றே படித்தல் வேண்டும். வழிகளைப் பற்றி அவன் கூறுவன அத்தகையன அல்ல. தொப்பி பின்னி விற்கும் சாக்கில், தப்பும் வழி தேடி ஊரூராய் நடந்தவன் அவன். 1679இல் மல்வத்து ஓயாக் கரைவழியே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். அவனது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.