டான்யூப் கரையின் வெந்நீர்க் குளியல் இல்லங்கள்

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டின் நடுவே டான்யூப் ஆறு ஓடுகிறது. மேற்குக் கரையில் மலையும் கோட்டையும் கொண்ட புடா. கிழக்கே சமவெளியில் பெஸ்ட். புடா மலைகள் சுண்ணாம்புக் கல்லாலும் டோலமைட் பாறையாலும் ஆனவை. மழைநீர் அவற்றின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, ஆற்றங்கரையை ஒட்டிய நிலப்பிளவின் வழியாக ஊற்றுகளாக மேலே வருகிறது. இப்பகுதியில் புவியோடு மெல்லியது. ஆகவே அருகில் எரிமலை இல்லாமலே நீருக்கு இந்தச் சூடு கிடைக்கிறது.

இங்கே குளியல் இல்லங்களை முதலில் கட்டியவர்கள் ரோமர். இன்றைய ஓபுடா பகுதியில் இருந்த அவர்களது அக்விங்கம் நகரில் படைவீரர்களுக்கும் குடிமக்களுக்கும் தனித்தனியே குளியல் இல்லங்கள் இருந்தன. பக்கத்து ஊற்றுகளின் இளஞ்சூட்டு நீரைக் கல்வாய்க்கால் வழியே நகருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சூடு போதாததால் தரையைச் சிறு தூண்கள் மேல் அமைத்து, அடியில் நெருப்பின் அனலைச் செலுத்தி அறைகளைச் சூடாக்கினார்கள். இடைக்காலத்தில் கெல்லெர்ட் மலையடிவாரத்து ஊற்றுகளை ஒட்டி மருத்துவ இல்லங்கள் எழுந்தன. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட மத்தியாஸ் மன்னர், இன்று ராட்ஸ் எனப்படும் குளியல் இல்லத்துக்கு அரண்மனையிலிருந்து மூடுபாதை வழியாகச் சென்றுவந்தார் என்று சொல்லப்படுகிறது.

1541இல் புடா துருக்கிய உதுமானியர் வசமானது. அடுத்த 145 ஆண்டுகளே இந்நகரின் குளியல் மரபுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவை. தொழுகைக்கு முன் உடல் தூய்மை வேண்டும் என்பது இஸ்லாமிய நெறி. எனவே உதுமானிய நகரங்களில் மசூதியைப் போலவே பொதுக் குளியல் இல்லமும் இன்றியமையாததாக இருந்தது. வழக்கமான துருக்கியக் குளியல் இல்லத்தில் இறங்கிக் குளிக்கும் குளம் இருக்காது. சூடான கல்மேடையும் தண்ணீர்த் தொட்டிகளுமே இருக்கும். புடாவில் ஊற்றுநீர் இடைவிடாமல் பாய்ந்ததால், குவிமாடத்துக்குக் கீழே குளம் அமைக்க முடிந்தது.

1566 முதல் 1578 வரை புடாவை ஆண்ட சோகொல்லு முஸ்தபா பாஷா இத்தகைய குளியல் இல்லங்களைக் கட்டியவர்களில் முதன்மையானவர். ருடாஸ் குளியல் இல்லம் அவர் காலத்தது. எட்டுத் தூண்கள் தாங்கும் குவிமாடம், அதன் கீழே எண்கோணக் குளம், குவிமாடத்துத் துளைகளின் வழியே இறங்கும் வெளிச்சம் ஆகியவை அன்றைய அமைப்பிலேயே நிற்கின்றன. நடுக்குளத்து நீர் 36 டிகிரி செல்சியஸ். மூலைகளில் உள்ள நான்கு சிறு குளங்கள் 28 முதல் 42 டிகிரி வரை. குளிப்பவர்கள் ஒவ்வொரு குளமாக மாறி மாறி இறங்குவார்கள். கிராய் குளியல் இல்லத்தை 1565இல் அவருக்கு முன் ஆண்ட அர்ஸ்லான் பாஷா தொடங்கினார். அந்த இடத்தில் ஊற்று இல்லை. முற்றுகைக் காலத்திலும் படையினர் குளிக்க வேண்டும் என்பதற்காகவே அதை மதிலுக்கு உள்ளே கட்டி, வெளியிலிருந்து குழாய் மூலம் வெந்நீர் கொண்டுவந்தார்கள்.

1686இல் கிறிஸ்தவப் படைகள் புடாவை மீட்டன. மசூதிகள் அழிந்தன அல்லது தேவாலயங்களாக மாறின. குளியல் இல்லங்களோ புதிய உரிமையாளர்களின் கையில் அதே வேலையைத் தொடர்ந்தன.

19ஆம் நூற்றாண்டில் பொறியியல் துணைக்கு வந்தது. வில்மோஷ் ஜிக்மோண்டி என்னும் சுரங்கப் பொறியாளர் 1868 முதல் 1878 வரை பெஸ்ட் பக்கத்தில் 970 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார். ஏறத்தாழ 74 டிகிரி சூட்டில் நீர் பீறிட்டது. வெந்நீர் புடா பக்கத்துக்கு மட்டுமே என்ற நிலை அதோடு மாறியது. அந்த நீரைக் கொண்டு 1913இல் செச்செனி குளியல் இல்லம் திறக்கப்பட்டது. பனிக்காலத்திலும் அதன் திறந்தவெளிக் குளங்களில் கழுத்தளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடுவது உள்ளூர் வழக்கம். புடா பக்கத்தில் 1918இல் கெல்லெர்ட் குளியல் இல்லம் வந்தது. 1934இல் புடாபெஸ்ட் குளியல் நகரமாக அறிவிக்கப்பட்டது.

வழக்கங்களும் மாறின. ருடாஸின் துருக்கியப் பகுதி 1936 முதல் 2005 வரை ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவர்கள் இடுப்பில் சிறு துணி மட்டும் கட்டிக் குளித்தார்கள். பின்னர் பெண்களுக்கும் அது திறக்கப்பட்டது. லூகாச் குளியல் இல்லத்தின் முற்றத்தில், நோய் தீர்ந்தவர்கள் பல மொழிகளில் நன்றி பொறித்துப் பதித்த கல்வெட்டுகளைக் காணலாம். மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டோடு வந்து, அரசுக் காப்பீட்டின் உதவியுடன் வெந்நீர்ச் சிகிச்சை பெறும் உள்ளூர்வாசிகள் இன்றும் உண்டு. உதுமானியர் புடாவில் விட்டுச் சென்ற குளியல் இல்லங்களில் சில, கட்டிய நோக்கத்துக்கே இன்றுவரை பயன்பட்டுவருகின்றன.