ஒரே ஒரு ஓட்டு

'நான் ஒருத்தன் போடலைன்னா குடியா முழுகிடும்?' தேர்தல் நாளில் லீவு கிடைத்த சந்தோஷத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற எல்லோரும் சொல்கிற வசனம் இது.

ஒரு ஓட்டில் ஆட்சியே போன கதை நமக்குத் தெரியும். 1999 ஏப்ரல் 17. ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கியதால், வாஜ்பாய் மக்களவையில் நம்பிக்கை ஓட்டுக் கேட்டார். ஆதரவு 269. எதிர்ப்பு 270. பதிமூன்று மாத ஆட்சி காலி!

'அது எம்.பி. ஓட்டு சார். ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தர். நான் லட்சத்தில் ஒருத்தன்' என்பீர்கள். நியாயம்தான். லட்சத்தில் ஒருத்தர் கதைக்கே வருவோம்.

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது நாத்துவாரா. ஸ்ரீநாத்ஜி கோயிலுக்குப் பேர்போன ஊர். 2008 டிசம்பர் சட்டமன்றத் தேர்தலில் அங்கே காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி. லேசுப்பட்ட ஆள் இல்லை. மாநிலக் காங்கிரஸ் தலைவர். அதே தொகுதியில் நான்கு முறை ஜெயித்தவர். முதல்வர் நாற்காலிக்கு அவர் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர் 8. எண்ணி முடித்தார்கள். பி.ஜே.பி.யின் கல்யாண் சிங் சவுகான் 62,216. ஜோஷி 62,215.

மாநிலத்தில் 200-க்கு 96 இடங்களோடு காங்கிரஸ் முதலிடம். கட்சியை ஜெயிக்க வைத்த தலைவர் எம்.எல்.ஏ.கூட ஆகவில்லை. அசோக் கெலாட் முதல்வரானார்.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் காங்கிரஸின் துருவநாராயணாவுக்கு 40,752. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்திக்கு 40,751.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாத்துவாராவில் வீட்டிலேயே இருந்துவிட்ட ஜோஷி ஆதரவாளர் ஒருவர் மட்டும் வந்து போட்டிருந்தால்? ஜோஷி ஜெயித்திருப்பாரா? மாட்டார். சமநிலை ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம்? 1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழி சொல்கிறது. தேர்தல் அதிகாரி சீட்டுக் குலுக்கிப் போடுவார். யார் பெயர் வருகிறதோ, அவர் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது, மனுஷன் போடாமல் விட்ட ஓட்டை ஒரு துண்டுச் சீட்டு போட்டுவிடும்!

சரி, சவுகானை ஜெயிக்க வைத்த 'அந்த ஒரு ஓட்டு' யாருடையது? கடைசியாக பட்டனைத் தட்டியவருடையதா? கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள். பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால், எந்த ரூபாய் என்று பிரித்துக் காட்ட முடியாது. அதே மாதிரி, சவுகானுக்குப் போட்ட 62,216 பேரில் ஒவ்வொருவரும் 'நான்தான் அது' என்று மார்தட்டலாம். எதிர்முகாமில் போடாமல் தூங்கிய ஒவ்வொருவரும் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொள்ளலாம்.

ஒரு ஓட்டு முடிவை மாற்றும் தேர்தல் நம் ஆயுளில் ஒன்றுகூட வராமல் போகலாம். ஆனால், வந்தால் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. வாக்குப்பதிவு அன்று காலையில் நாத்துவாராவும் மற்ற 199 தொகுதிகள் மாதிரிதான் இருந்தது.