தொலைந்த பிள்ளைகள்

இந்திப் படங்களுக்கு நான் புதியவன். இலக்கிய நண்பர்கள் கேலிசெய்யும் அம்சத்தைத்தான் மிகவும் ரசிக்கிறேன்: சிதறிய குடும்பம் கடைசி ரீலில் ஒன்றுசேர்வது. 'கிஸ்மத்' (1943) காலத்திலேயே இது உண்டு. ஆகவே தேசப் பிரிவினை ஈன்ற கதை என்று சொல்ல முடியாது. ஆனால் 1947க்குப் பின் அந்தப் பழைய பாத்திரத்தில் வேறொரு துக்கம் நிரம்பியது.

மன்மோகன் தேசாயின் முதல் படம் 'சலியா' (1960), பிரிவினையில் குடும்பத்தை இழந்த பெண்ணின் கதை. லாகூரில் பிறந்த யஷ் சோப்ரா 'தர்மபுத்ரா'வில் (1961) மதவெறியை நேராகவே காட்டினார். பிறகு அதே துக்கம் பெயரை மறைத்துக்கொண்டு வந்தது. சோப்ராவின் 'வக்த்' (1965) படத்தில் குடும்பத்தைச் சிதறடிப்பது பூகம்பம். தேசாயின் 'அமர் அக்பர் அந்தோணி'யில் (1977) மூன்று சகோதரர்கள் காந்தி சிலையடியில் விடப்பட்டுப் பிரிகிறார்கள். அன்று ஆகஸ்ட் 15. வளர்வது மூன்று மதங்களில்.

எம். எஸ். சத்யுவின் 'கரம் ஹவா' (1973) ஒன்றுசேராத குடும்பத்தைக் காட்டியது. அது உண்மை, கலையும்கூட. ஆனால் உண்மையில் திரும்பாதவர்கள் திரையிலாவது திரும்பட்டும் என்ற ஆசையை மலினம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.