முள்ளும் சொல்லும்

சுண்ணாம்புக் குன்றுகளும் பழைய ஈயக் குட்டைகளும், ஒருகாலத்து ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்தது ஈப்போ நகரம். மேகம் கவிந்த நாளில் அங்கு இறங்கும் விமானி குன்றைக் காண்பதில்லை; உயரமானியின் முள்ளையே காண்கிறார். அம்முள்ளோ உயரத்தை நேரே அளப்பதன்று. காற்றழுத்தத்தை அளந்து அடிக்கணக்காகக் காட்டுவது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையும் என்பதை, பாஸ்கலின் மைத்துனர் 1648இல் பிரான்சின் மலையொன்றில் பாரமானியுடன் ஏறி மெய்ப்பித்தார்.

ஆயினும், தரையில் அன்றைய அழுத்தம் இன்னதெனக் கருவி அறியாது. கட்டுப்பாட்டாளர் வானொலியில் கூற, விமானி அதனைத் திருப்பிச் சொல்லிக் கருவியில் பொருத்த வேண்டும். ஒரு மில்லிபார் பிழைத்தால் ஏறக்குறைய 27 அடி பிழைக்கும். பத்து மில்லிபார் மிகுதியாகப் பொருத்தியவர், 270 அடி தாழப் பறந்தும் அதனை உணரார். செவியில் விழும் ஓர் எண்ணை நம்பியே முள் நிற்கிறது.

எண் செவியில் பிறழ்ந்தால் நேர்வதை மலேசியா 1989 பிப்ரவரி 19 அன்று கண்டது. சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்த பிளையிங் டைகர் சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறக்கக் கருதி, 'டூ ஃபோர் சீரோ சீரோ' என்றார் கட்டுப்பாட்டாளர். ஆங்கிலத்தில் 'டூ' என்னும் ஒலி இரண்டையும் குறிக்கும். நம் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு'வின் பொருளையும் தரும். (உருபு பெயரின் பின்னே ஒட்டும் தமிழில் இம்மயக்கத்துக்கு இடமில்லை.) விமானிகள் '400 அடிக்கு' எனக் கொண்டு, அவ்வாறே மறுமொழியும் கூறினர், அது திருத்தப்படவில்லை. முள் சரியாகவே காட்ட, விமானம் பூச்சோங் அருகே குன்றில் மோதியது. நால்வரும் மாண்டனர்.

எண்ணுக்கு முன் 'உயரம்' என்னும் சொல்லையும் சேர்த்துக் கூறுவது பிரிட்டனின் வானொலி முறை.